மடற்குழுவில் மடல் சுழல்: அது எப்படிப் பிறக்கிறது, எப்படித் தடுக்கப்படுகிறது

300 பேர் உறுப்பினராக உள்ள ஒரு மடற்குழுவை எண்ணிக்கொள்வோம். செல்வி என்ற உறுப்பினர் ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஊருக்குக் கிளம்பும் முன், தமக்கு வரும் ஒவ்வொரு மடலுக்கும் "நான் 10 நாட்கள் விடுப்பில் இருக்கிறேன்" என்று தானாகவே பதில் போகும்படி ஏற்பாடு செய்துவிட்டுப் போகிறார். அன்று இரவு வேறொருவர் குழுவுக்கு ஒரு சாதாரணக் கேள்வியை அனுப்புகிறார். குழுவை நடத்தும் மென்பொருள் அதை 300 பேருக்கும் அனுப்புகிறது. செல்வியின் அஞ்சல் பெட்டி அதற்கான விடுப்புப் பதிலைக் குழு முகவரிக்கே அனுப்புகிறது. மென்பொருளின் பார்வையில் அது உறுப்பினர் ஒருவரிடமிருந்து வந்த முறையான மடல் என்பதால் அதையும் 300 பேருக்கும் அனுப்பிவைக்கிறது. அந்த 300 பேரில் செல்வியும் ஒருவர் என்பதால் அவருடைய பெட்டி மறுபடியும் பதில் எழுதுகிறது. ஒரு சுற்றுக்கு 10 விநாடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்தில் 360 சுற்றுகள், அதாவது 1,08,000 மடல்கள்.

அதே வாரம் விடுப்பில் போன இன்னோர் உறுப்பினரும் இப்படியே செய்திருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். குழுவுக்கு வரும் ஒவ்வொரு மடலும் இரண்டு பதில்களைப் பிறப்பிக்கும். அந்த இரண்டும் நான்கைப் பிறப்பிக்கும். பத்தாவது சுற்றில் மட்டும் 1,024 புதிய மடல்கள் குழுவை வந்தடையும். அவை உறுப்பினர் எண்ணிக்கையால் பெருகி 3,07,200 மடல்களாக வெளியேறும். இவ்வளவும் நடந்து முடியும்போது அந்தக் கேள்வியைக் கேட்டவரைத் தவிர வேறு எந்த மனிதரும் ஒரு வரிகூட எழுதியிருக்க மாட்டார்.

இதைத்தான் மடல் சுழல் என்கிறோம். ஒரு மடலோ, அந்த மடலால் பிறந்த இன்னொரு மடலோ, மனிதர் தலையீடு இல்லாமல் புறப்பட்ட இடத்துக்கே திரும்பத் திரும்ப வந்துகொண்டிருப்பது சுழல். மனிதர்களே "அனைவருக்கும் பதில்" பொத்தானை அழுத்தி உண்டாக்கும் மடல் வெள்ளம் வேறு வகை. 1997ஆம் ஆண்டு மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துக்குள் ‘பெட்லம் டிஎல்3’ என்ற பெரிய விநியோகப் பட்டியலில் நடந்தது அப்படிப்பட்டது: பட்டியலிலிருந்து தம்மை நீக்கும்படி ஒருவர் எல்லோருக்கும் எழுத, "என்னையும் நீக்குங்கள்" என்று மற்றவர்களும் எல்லோருக்கும் எழுதினார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் மனிதர்கள் களைத்துப் போவார்கள், தூங்கப் போவார்கள், இயந்திரங்கள் களைப்பதில்லை. ஆகவே மடற்குழு மென்பொருளை எழுதுபவரும் அதை நிறுவி நடத்துபவரும் சுழலைத் தற்செயலான விபத்தாகக் கருதாமல், இன்றோ நாளையோ நிச்சயம் வரப்போவதாகக் கருதியே வேலை செய்ய வேண்டியிருக்கிறது.

உறையும் கடிதமும்

சுழல் எங்கே பிறக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, மின்னஞ்சலில் அனுப்புநர் முகவரி ஒன்றல்ல, இரண்டு என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பள்ளியில் நாம் எழுதிப் பழகிய அலுவல் கடிதத்தை நினைத்துப் பாருங்கள். தாளின் மேற்புறத்தில் "அனுப்புநர்", "பெறுநர்" என்று எழுதுவோம். பிறகு அந்தத் தாளை மடித்து உறையில் இட்டு, உறையின் மேலும் இரண்டு முகவரிகளை எழுதுவோம். தபால்காரர் உறையை மட்டுமே பார்க்கிறார். பெறுநர் இல்லாவிட்டால் உறையின் மேலுள்ள அனுப்புநருக்குத்தான் கடிதம் திரும்பிப் போகும். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பது அஞ்சலகத்துக்குத் தேவையில்லை.

மின்னஞ்சலிலும் இதே ஏற்பாடுதான். ஒரு சேவையகம் மற்றொன்றுக்கு மடலைக் கொடுக்கும் எஸ்எம்டிபி நெறிமுறையில், "மெயில் ஃப்ரம்" என்ற கட்டளையில் வரும் முகவரி உறை முகவரி. நாம் திரையில் "ஃப்ரம்" என்று பார்ப்பது தாளின் மேலுள்ள முகவரி. இரண்டும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. மடலைச் சேர்ப்பிக்க முடியாதபோது எழும் பிழை அறிவிப்பு, அதாவது பவுன்ஸ், உறை முகவரிக்குத்தான் போக வேண்டும். கடைசியாக மடலைப் பெட்டியில் இடும் சேவையகம் அந்த உறை முகவரியை, மடலின் தலைப்பகுதியில் உள்ள "ரிட்டர்ன்-பாத்" என்ற தலைப்பு வரியில் எழுதி வைக்கும்.

மடற்குழு மென்பொருள் செய்ய வேண்டிய முதல் கடமை இங்கிருந்து தொடங்குகிறது. ஒரு மடலை வாங்கி 300 பேருக்கு அனுப்பும்போது, தாளின் மேலுள்ள அனுப்புநரை விட்டுவிட்டு, உறையின் மேலுள்ள அனுப்புநர் முகவரியை மட்டும் குழுவை நிர்வகிப்பவரின் முகவரியாக மாற்ற வேண்டும். இணைய நெறிமுறைகளை வகுக்கும் ஆவணங்களுக்கு ஆர்.எஃப்.சி. என்று பெயர்; 1989இல் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 1123 இதைக் கட்டாய விதியாகவே வைத்தது. 2008இல் வந்த ஆர்.எஃப்.சி. 5321 அதை மறுபடியும் சொல்கிறது. இப்படிச் செய்யாமல், உறையில் குழுவின் பொது முகவரியையே போட்டால் என்ன ஆகும்? உறுப்பினர் ஒருவரின் பெட்டி நிரம்பியதும் அவருக்கான மடல் பவுன்ஸ் ஆகும். அந்தப் பவுன்ஸ் குழு முகவரிக்கு வரும். குழு அதை எல்லோருக்கும், நிரம்பிய அந்தப் பெட்டிக்கும் சேர்த்து, அனுப்பும். அது மறுபடியும் பவுன்ஸ் ஆகும். விடுப்பில் போக ஒருவரும் வேண்டியதில்லை, ஒரு நிரம்பிய பெட்டியே போதும்.

சென்ட்மெயில் என்ற அஞ்சல் சேவையக மென்பொருளின் காலத்தில், குழு மென்பொருள் எதுவும் இல்லாமல், ஒரு பெயருக்கு வரும் மடல் எந்தெந்த முகவரிகளுக்குப் போக வேண்டும் என்று எழுதிய மாற்றுப்பெயர்க் கோப்பை வைத்தே குழுக்களை நடத்தியவர்கள், குழுப் பெயரின் முன்னால் "ஓனர்-" என்று சேர்த்து இன்னொரு மாற்றுப்பெயரையும் எழுதி வைப்பார்கள். அது இருந்தால் சேவையகம் உறை முகவரியைத் தானே மாற்றிவிடும். போஸ்ட்ஃபிக்ஸ் என்ற சேவையக மென்பொருள் இன்றும் இந்த வழக்கத்தை மதிக்கிறது. மெயில்மேன் போன்ற மடற்குழு மென்பொருள்கள் இதற்கென்றே குழுப் பெயரோடு "-பவுன்சஸ்" என்ற ஒட்டு சேர்ந்த தனி முகவரியை வைத்திருக்கின்றன. அங்கு வரும் எதையும் முதலில் மென்பொருளே படிக்கும். அது ஒருபோதும் உறுப்பினர்களுக்குப் போகாது. 1997இல் டேனியல் பெர்ன்ஸ்டைன் முன்வைத்த வெர்ப் என்ற முறை இன்னும் ஒரு படி மேலே போய், ஒவ்வோர் உறுப்பினருக்கும் போகும் மடலின் உறை முகவரியில் அந்த உறுப்பினரின் முகவரியையும் கோத்துவிடுகிறது. பவுன்ஸ் எந்த வடிவத்தில் வந்தாலும், அது வந்து சேர்ந்த முகவரியைப் பார்த்தே யாருடைய பெட்டி பழுது என்று தெரிந்துவிடும். வெர்ப்பின் நோக்கம் பழுதான முகவரிகளைக் கண்டுபிடிப்பதுதான் என்றாலும், பவுன்ஸ்களைக் குழு முகவரியிலிருந்து விலக்கி வைப்பதால் சுழல் தடுப்புக்கும் அது கைகொடுக்கிறது.

இதில் இன்னொரு கேள்வி இயல்பாகவே எழும். பவுன்ஸும் ஒரு மடல்தானே, அதுவும் சேராமல் போனால் என்ன செய்வது? 1982இல் ஜான் போஸ்டல் எழுதிய ஆர்.எஃப்.சி. 821லேயே இதற்கு விடை இருக்கிறது: பிழை அறிவிப்பை அனுப்பும்போது உறையில் அனுப்புநர் முகவரியை வெற்றாக விடலாம். திருப்பி அனுப்ப முகவரியே இல்லாத உறைக்கு யாரும் பவுன்ஸ் அனுப்ப முடியாது. எளிமையும் உறுதியும் ஒருங்கே அமைந்த இந்த ஏற்பாட்டை நான் மின்னஞ்சல் வடிவமைப்பின் மிக நல்ல முடிவுகளில் ஒன்றாக மதிக்கிறேன். மடற்குழு மென்பொருளுக்கு இதிலிருந்து ஒரு நேரடியான விதி கிடைக்கிறது: குழு முகவரிக்கு வெற்று உறையோடு ஒரு மடல் வந்தால், அதை உறுப்பினர்களுக்கு அனுப்பவே கூடாது.

சுழல் இரண்டு வகை

இதுவரை சொன்னவற்றில் ஒரு வேறுபாடு மறைந்திருக்கிறது. தொடக்கநிலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் குழம்புவது இங்கேதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். முதல் வகைச் சுழலில் ஒரே மடல் சுற்றுகிறது. ‘அ’ என்ற குழுவின் முகவரி ‘ஆ’ என்ற குழுவில் உறுப்பினராகச் சேர்க்கப்பட்டு, ‘ஆ’வின் முகவரி ‘அ’வில் சேர்க்கப்பட்டிருந்தால், ஒரு மடல் இரண்டுக்கும் இடையே ஓயாமல் போய்வரும். உறுப்பினர் ஒருவர் தம் பழைய முகவரியிலிருந்து புதிய முகவரிக்கும், புதியதிலிருந்து பழையதற்கும் மடல்களை முன்னனுப்பும்படி வைத்திருந்தாலும் இதுவே நடக்கும். இரண்டாம் வகையில் ஒவ்வொரு சுற்றிலும் புதிய மடல் பிறக்கிறது. செல்வியின் விடுப்புப் பதில் இந்த வகை. பவுன்ஸும் இந்த வகை. முதல் வகைக்கான மருந்து இரண்டாம் வகையிடம் பலிக்காது.

முதல் வகைக்கான பழைய மருந்து, தாண்டிவந்த படிகளை எண்ணுவது. ஒவ்வொரு சேவையகமும் மடலைக் கைமாற்றும்போது அதன் தலையில் "ரிசீவ்ட்" என்ற வரியைச் சேர்க்கிறது. அந்த வரிகளின் எண்ணிக்கை ஒரு வரம்பைத் தாண்டினால் மடல் சுழலில் சிக்கியிருக்கிறது என்று சேவையகம் முடிவுசெய்து திருப்பிவிடும். நிறுவிய நிலையில் இந்த வரம்பு சென்ட்மெயிலில் 25, எக்ஸிமில் 30, போஸ்ட்ஃபிக்ஸில் 50. ஆர்.எஃப்.சி. 5321 குறைந்தது 100 இருக்கட்டும் என்கிறது. நேர்மையான மடல்கூடச் சில பெரிய நிறுவனங்களின் உள்வழிகளைச் சுற்றி வரும்போது பல படிகளைத் தாண்ட நேரிடும் என்பதால் தாராளமான வரம்பு நல்லதுதான்.

ஒருவர் மற்றொருவருக்கு எழுதும் மடலுக்கு இந்தக் காவல் போதும். மடற்குழுவுக்குப் போதாது. காரணத்தைக் கணக்கிட்டே பார்க்கலாம். ஒரு சுற்றுக்கு 3 ரிசீவ்ட் வரிகள் சேர்கின்றன என்றும் வரம்பு 50 என்றும் கொண்டால், சுழல் நிற்பதற்குள் ஏறத்தாழ 16 சுற்றுகள் முடிந்திருக்கும். தனி மடலுக்கு அது 16 வீண் பயணங்கள் மட்டுமே. 300 பேர் உள்ள குழுவுக்கோ ஒரே செய்தி ஒவ்வொருவர் பெட்டியிலும் 16 முறை விழுந்து, மொத்தம் 4,800 மடல்களாகிவிடும். இடையில் ஒரு மென்பொருள் பழைய ரிசீவ்ட் வரிகளை நீக்கிவிட்டு மடலைப் புதிதாக அனுப்பினால், எண்ணிக்கை ஒவ்வொரு சுற்றிலும் பூஜ்யத்துக்குத் திரும்பி, வரம்பு எட்டப்படவே போவதில்லை.

ஆகவே குழு மென்பொருளுக்குத் தேவைப்படுவது, தன் வழியாக ஒரு மடல் ஏற்கெனவே போயிருக்கிறதா என்பதை முதல் சுற்றிலேயே அறியும் வழி. அதற்கு மென்பொருள் தன் முத்திரையை மடலில் பதித்து அனுப்புகிறது. உள்ளே வரும் மடலில் அதே முத்திரை இருந்தால், அது முன்பே தன் கையால் போனது என்று அறிந்து நிறுத்திவிடுகிறது. மெயில்மேனின் இரண்டாம் தலைமுறை இதற்கு "எக்ஸ்-பீன்தேர்" என்ற தலைப்பு வரியில் குழுவின் முகவரியை எழுதிவந்தது. மூன்றாம் தலைமுறை "லிஸ்ட்-போஸ்ட்" வரியில் தன் குழுவின் முகவரி இருக்கிறதா என்று பார்க்கிறது. சிம்பா என்ற மற்றொரு குழு மென்பொருள் "எக்ஸ்-லூப்" என்ற வரியைப் பயன்படுத்துகிறது. இவை குழுவின் மட்டத்தில் செய்வதை, போஸ்ட்ஃபிக்ஸும் கியூமெயில் என்ற சேவையக மென்பொருளும் "டெலிவர்டு-டு" என்ற வரியைக் கொண்டு தனி முகவரியின் மட்டத்தில் செய்கின்றன.

முத்திரையில் குழுவின் முழு முகவரி இருக்க வேண்டும் என்பது சிறிய விவரமாகத் தோன்றினாலும் முக்கியமானது. "இது ஒரு மடற்குழு வழியாக வந்தது" என்று மட்டும் பார்த்து நிறுத்தினால், ஒரு குழுவின் மடல்களை இன்னொரு குழுவுக்குள் முறையாகச் சேர்ப்பதே இயலாமல் போகும். துறைவாரியாகக் குழுக்களை வைத்துக்கொண்டு, அவை எல்லாவற்றையும் ஒரு பெரிய குழுவின் கீழ் சேர்ப்பது பல்கலைக்கழகங்களிலும் நிறுவனங்களிலும் வழக்கமான தேவை. பெர்ன்ஸ்டைனின் குழு மென்பொருளான ஈஸிஎம்எல்எம் இதில் கடுமையான வழியைத் தேர்ந்தெடுத்தது: "மெய்லிங்-லிஸ்ட்" என்ற வரி இருந்தாலே, அது எந்தக் குழுவுடையதானாலும், மடலை ஏற்காது, கீழ்க்குழுவாக இருக்க வேண்டுமென்றால் நிர்வாகி அதை வெளிப்படையாக அமைத்துச் சொல்ல வேண்டும். பாதுகாப்பு வேண்டுமென்றால் இந்தக் கடுமை சரிதான் என்பது என் எண்ணம். ஆனால் புதிதாக நிறுவுகிறவர்கள் மடல் ஏன் வரவில்லை என்று நெடுநேரம் தேடுவதற்கும் இதுவே காரணமாகும்.

இயந்திரம் எழுதும் பதில்கள்

இரண்டாம் வகைக்கு வருவோம். செல்வியின் விடுப்புப் பதிலில் குழுவின் முத்திரை இருக்காது, ரிசீவ்ட் வரிகளும் பூஜ்யத்திலிருந்தே தொடங்கும், ஒவ்வொரு மடலுக்கும் உரிய தனி அடையாளமான மெசேஜ்-ஐடியும் புதியது. "உறுப்பினர்கள் மட்டும் எழுதலாம்" என்ற விதியை வைத்தாலும் பயனில்லை, ஏனென்றால் செல்வி உறுப்பினர்தான். அந்த விதி வெளியாரின் குப்பை மடல்களையும் பல பவுன்ஸ்களையும் நிறுத்தும்; உறுப்பினரின் பெட்டி எழுதும் பதிலுக்கோ அதுவே நுழைவுச் சீட்டு ஆகிவிடுகிறது. பல நிர்வாகிகள் இந்த விதியை நம்பிச் சுழலைப் பற்றிக் கவலைப்படாமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இங்கே பொறுப்பு இரண்டு பக்கமும் இருக்கிறது. பதில் அனுப்பும் மென்பொருள் சில ஒழுக்கங்களைப் பின்பற்ற வேண்டும். எரிக் ஆல்மன் யூனிக்ஸ் இயங்குதளத்துக்காக எழுதிய ‘வெகேஷன்’ என்ற சிறு நிரல் இவற்றில் பலவற்றை வெகு காலத்துக்கு முன்பே செய்தது. ஒரே ஆளுக்கு ஒரு வாரத்துக்குள் இரண்டாம் முறை பதில் அனுப்பாது. பெறுநர் வரிகளில் தன் உரிமையாளரின் முகவரி நேரடியாக இல்லாவிட்டால் பதில் அனுப்பாது. குழு மடலில் பெறுநர் இடத்தில் குழுவின் முகவரிதான் இருக்கும் என்பதால் இந்த ஒரு சோதனையே பெரும்பாலான ஆபத்தை நீக்கிவிடும். மடலில் "பிரெசிடென்ஸ்" என்ற வரியும் அதில் "பல்க்" அல்லது "ஜங்க்" என்ற சொல்லும் இருந்தால் அப்போதும் வாய் திறக்காது. ஒரு சின்ன நிரலில் இவ்வளவு முன்யோசனை இருந்தும், அதற்குப் பின் வந்த பல அலுவலக அஞ்சல் மென்பொருள்கள் இவற்றைக் கற்றுக்கொள்ளாமலே வெளிவந்தது வருத்தத்துக்குரியது.

இந்த நடைமுறைகள் 2004இல் கீத் மூர் எழுதிய ஆர்.எஃப்.சி. 3834 வழியாக முறையான பரிந்துரைகளாயின. தானாக எழும் பதில், தாளின் மேலுள்ள முகவரிக்கோ "ரிப்ளை-டு" முகவரிக்கோ போகாமல், ரிட்டர்ன்-பாத் முகவரிக்கே போக வேண்டும் என்று அது சொல்கிறது. இதன் பலனைப் பாருங்கள்: குழு மென்பொருள் உறை முகவரியைச் சரியாக மாற்றியிருந்தால், செல்வியின் பதில் குழுவுக்கு வராமல் "-பவுன்சஸ்" முகவரிக்குப் போய் அங்கேயே முடிந்துவிடும். இரண்டு பக்கமும் தத்தம் கடமையைச் செய்தால் சுழல் தொடங்கவே இடமில்லை. அதே ஆவணம் "ஆட்டோ-சப்மிட்டட்" என்ற தலைப்பு வரியையும் அறிமுகப்படுத்தியது. மனிதர் எழுதியதற்கு "நோ". இயந்திரம் தானாக எழுதியதற்கு "ஆட்டோ-ஜெனரேட்டட்". வேறொரு மடலுக்குப் பதிலாக இயந்திரம் எழுதியதற்கு "ஆட்டோ-ரிப்ளைட்". 2008இல் வந்த ஆர்.எஃப்.சி. 5230, மடல்களை வடிகட்டுவதற்கான சீவ் என்ற மொழியில் விடுப்புப் பதில் எழுதும் முறையை வரையறுத்தபோது, "லிஸ்ட்-ஐடி" போன்ற குழு வரிகள் உள்ள மடல்களுக்குப் பதில் அனுப்பாமலிருக்கச் சொன்னது.

மறுபக்கத்தில், குழு மென்பொருள் வெளியே போகும் ஒவ்வொரு மடலிலும் தன்னை அடையாளம் காட்டிக்கொள்ள வேண்டும்: 1998இன் ஆர்.எஃப்.சி. 2369 வகுத்த லிஸ்ட் வரிகள், 2001இன் ஆர்.எஃப்.சி. 2919 வகுத்த லிஸ்ட்-ஐடி, இவற்றோடு பிரெசிடென்ஸ் வரி. எந்தப் பதில் நிரல் எதைப் பார்க்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதால் எல்லாவற்றையும் இடுவதே நல்லது. உள்ளே வரும் மடலையும் சோதிக்க வேண்டும். ஆட்டோ-ரிப்ளைட் என்று சொல்லும் மடலைக் குழுவுக்கு விடக் கூடாது. ஆட்டோ-ஜெனரேட்டட் என்பதை மட்டும் பொத்தாம் பொதுவாகத் தடுத்துவிட வேண்டாம் என்பேன். நிரல் களஞ்சியத்தில் நடந்த மாற்றங்களையோ, இரவு ஓடிய சோதனைகளின் முடிவையோ தெரிவிப்பதற்காகவே பல தொழில்நுட்பக் குழுக்கள் இருக்கின்றன. அவற்றுக்கு எழுதுவது இயந்திரம்தான். பதிலாக எழுதப்படாத மடல் தானாகச் சுழலை உண்டாக்காது.

ரிப்ளை-டு வரியில் குழுவின் முகவரியை இடும் வழக்கம் நெடுநாள் விவாதத்துக்கு உரியது. "பதில்" பொத்தானை அழுத்தினால் குழுவுக்கே போகட்டும் என்று உறுப்பினர்கள் விரும்புகிறார்கள். ஆனால் விதியை அறியாத பதில் நிரல்களும் அந்த வரியைப் பார்த்தே பதில் அனுப்பும். 2014 ஏப்ரலில் யாஹூ தன் பயனர்களின் முகவரிகளுக்குக் கடுமையான டிமார்க் கொள்கையை (ஃப்ரம் முகவரி உண்மையானதா என்று சரிபார்த்து, தேறாத மடலை என்ன செய்வது என்று சொல்லும் ஏற்பாடு) அறிவித்த பிறகு இன்னொரு சிக்கல் சேர்ந்தது. யாஹூ பயனர் குழுவுக்கு எழுதிய மடலைக் குழு அப்படியே அனுப்பினால், மற்ற சேவையகங்கள் அதைப் போலி மடல் என்று மறுக்கத் தொடங்கின. அதைத் தவிர்க்கக் குழு மென்பொருள்கள் தாளின் மேலுள்ள ஃப்ரம் முகவரியிலேயே குழுவின் முகவரியை இட்டு, எழுதியவரின் முகவரியை வேறு வரிக்கு நகர்த்தத் தொடங்கின. இதனால் ஃப்ரம் வரியைப் பார்த்துப் பதில் அனுப்பும் தவறான நிரல்கள், முன்பு எழுதியவருக்கு மட்டும் தொல்லை தந்தவை, இப்போது குழுவுக்கே எழுதுகின்றன. இந்த மாற்றத்தை இயக்கும் நிர்வாகி, அதே வேளையில் ஆட்டோ-சப்மிட்டட் சோதனை இயங்குகிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு எந்திரங்கள் பேசிக்கொள்ளும்போது

குழு முகவரியைத் தவிர, கட்டளைகளை ஏற்கும் முகவரி ஒன்றும் மென்பொருளுக்கு உண்டு. "-ரிக்வெஸ்ட்" என்று முடியும் அந்த முகவரிக்கு எதை எழுதினாலும் பதில் வரும். புரியாததை எழுதினால் உதவிக் குறிப்பு வரும். ஒரு விஷமி, ‘அ’ குழுவின் கட்டளை முகவரியை ஃப்ரம் வரியில் பொய்யாக இட்டு, ‘ஆ’ குழுவின் கட்டளை முகவரிக்கு ஒரு வெற்று மடலை அனுப்புகிறார் என்று கொள்வோம். ‘ஆ’ உதவிக் குறிப்பை ‘அ’வுக்கு அனுப்பும், ‘அ’வுக்கு அந்தக் குறிப்பு புரியாது, அதுவும் உதவிக் குறிப்பை அனுப்பும். இரண்டு ஊமைகளின் உரையாடல்போல இது விடியும் வரை நடக்கும்.

இதற்கு உறையை வெற்றாக விட்டுப் பதில் அனுப்புவதும், ஆட்டோ-சப்மிட்டட் வரியை இடுவதும், அந்த வரி உள்ள மடலுக்குப் பதில் எழுதாமலிருப்பதும் முறையான தடுப்புகள். எதிர்ப்பக்கம் எந்த ஒழுக்கமும் அறியாததாக இருந்தால் கடைசிக் காவல் எண்ணிக்கைதான். மெயில்மேன் ஒரே முகவரிக்கு ஒரு நாளில் அனுப்பும் தானியங்கிப் பதில்களை இயல்பாக 10 என்ற அளவோடு நிறுத்திக்கொள்கிறது. காரணம் எதுவானாலும், யார் எழுதிய நிரலானாலும், பத்தோடு நிற்கும். எண்ணிக்கை வரம்பு சுழலைப் புரிந்துகொள்வதில்லை. ஆயினும் நாம் முன்கூட்டி நினைத்தே பார்த்திராத சுழலையும் அது மட்டுமே நிறுத்தும்.

முத்திரைகள் அழிந்துபோகும் இடங்களிலும் இப்படிப்பட்ட கண்மூடிக் காவல்கள் தேவைப்படுகின்றன. மடற்குழுவை, சேவையகங்கள் ஒன்றுக்கொன்று பதிவுகளைப் பரிமாறிக்கொள்ளும் யூஸ்நெட் என்ற கலந்துரையாடல் வலையின் செய்திக் குழுவோடு இணைக்கும் நுழைவாயில்களும், மடலைப் பிரித்துப் புதிதாகக் கட்டி அனுப்பும் சில அலுவலக அமைப்புகளும் தமக்குத் தெரியாத தலைப்பு வரிகளைக் களைந்துவிடும். யூஸ்நெட் இதைத் தன் அளவில் அழகாகத் தீர்த்திருந்தது: ஒவ்வொரு சேவையகமும் தான் பெற்ற பதிவுகளின் மெசேஜ்-ஐடிகளை நினைவில் வைத்திருக்கும், ஏற்கெனவே கண்ட அடையாளத்தோடு எது வந்தாலும் வாங்காது. குழு மென்பொருளும் அண்மையில் வந்த மெசேஜ்-ஐடிகளை வைத்துக்கொள்ளலாம். அந்த அடையாளமும் மாற்றப்பட்டால், மடலின் உடலிலிருந்து ஒரு சுருக்கக் குறியீட்டைக் கணக்கிட்டு ஒப்பிடலாம். 1986இல் பாரிசில் மாணவராக இருந்த எரிக் தாமஸ், பல்கலைக்கழகங்களை இணைத்த பிட்நெட் வலைக்காக எழுதிய லிஸ்ட்செர்வ் என்ற குழு மென்பொருள், ஒரே உள்ளடக்கம் மறுபடி வந்தால் "இது முன்பே விநியோகிக்கப்பட்டது" என்ற பொருளில் எழுதியவருக்கே திருப்பிவிடும் சோதனையைச் செய்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரே வாசகத்தோடு வரும் விடுப்புப் பதில் இந்தச் சோதனையில் இரண்டாம் முறையே மாட்டிக்கொள்ளும்.

நிர்வாகியின் முகவரியையும் மறந்துவிடக் கூடாது. உறுப்பினரின் பெட்டி பழுது என்று மென்பொருள் நிர்வாகிக்கு எழுதுகிறது. நிர்வாகியின் பெட்டியே பழுது என்றால் அந்த அறிவிப்பும் பவுன்ஸ் ஆகி, மறுபடி நிர்வாகிக்கே இன்னோர் அறிவிப்பாகும். இந்த அறிவிப்புகள் வெற்று உறையிலோ, யாருக்கும் மேற்கொண்டு எழுதாத வேறொரு முகவரியிலிருந்தோதான் போக வேண்டும். போஸ்ட்ஃபிக்ஸ் பவுன்ஸுக்கே பவுன்ஸ் வரும் நிலையை இப்படித்தான் கையாளுகிறது: நிர்வாகிக்கு ஒருமுறை தெரிவிக்கும், அதுவும் சேராவிட்டால் விட்டுவிடும். நிர்வாகி முகவரியாகக் குழுவின் முகவரியையே கொடுத்துவிடும் பிழையைப் புதியவர்கள் அடிக்கடி செய்கிறார்கள். நிறுவும்போதே அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

புதிய குழுவைத் திறப்பதற்கு முன், இரண்டு மூன்று சோதனை முகவரிகளை மட்டும் சேர்த்து, அவற்றில் ஒன்றில் எல்லா மடலுக்கும் பதில் அனுப்பும் விடுப்பு ஏற்பாட்டையும், மற்றொன்றில் குழுவுக்கே திருப்பி அனுப்பும் ஏற்பாட்டையும் வேண்டுமென்றே செய்து பாருங்கள். ஒரு மடல் எழுதிவிட்டுச் சேவையகப் பதிவேட்டைக் கால் மணி நேரம் கவனித்தால், எந்தக் காவல் வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்பது கண்ணுக்குத் தெரியும். முந்நூறு பேரின் பெட்டிகளில் இதைக் கற்றுக்கொள்வதைவிட மூன்று பெட்டிகளில் கற்றுக்கொள்வது எல்லோருக்கும் நல்லது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒருநாள் சுழல் தொடங்கிவிட்டால், காரணத்தைத் தேடுவதற்கு முன் குழுவின் எல்லா மடல்களும் மட்டுறுத்தலுக்காக, அதாவது நிர்வாகியின் ஒப்புதலுக்காக, நிறுத்தப்படும்படி மாற்றிவிடுங்கள்; அந்த ஒரு மாற்றத்தில் வட்டம் அறுந்துவிடும். பிறகு நிறுத்தப்பட்ட மடல்களில் ஒன்றைத் திறந்து, ரிட்டர்ன்-பாத், ரிசீவ்ட், ஆட்டோ-சப்மிட்டட் வரிகளைப் படித்தால் எந்த உறுப்பினரின் பெட்டியிலிருந்து அது கிளம்பியது என்று தெரியும். அந்த உறுப்பினரைக் குழுவிலிருந்து நீக்காமல், அவருக்கு மடல் போவதையும் அவர் பெயரில் வருவதையும் மட்டும் தற்காலிகமாக நிறுத்தினால் போதும். அடுத்து, சேவையகத்தின் வரிசையில் இன்னும் வெளியேறாமல் காத்திருக்கும் ஆயிரக்கணக்கான பிரதிகளை அழிக்க வேண்டும்; பலர் இந்த இடத்தில் மறந்துவிட்டு மட்டுறுத்தலை நீக்கியதும், வரிசையில் இருந்தவை மறுபடி வெளியேறி உறுப்பினர்களைக் கலங்கச் செய்வதுண்டு. காப்பகத்திலும் நாள்தொகுப்பு மடலிலும் சேர்ந்துவிட்ட பிரதிகளை அதன் பிறகு நீக்கலாம். இவை முடிந்ததும் மட்டுறுத்தலை விலக்கி, என்ன நடந்தது என்பதைக் குழுவுக்கு ஒரே ஒரு மடலில் தெரிவித்துவிட்டு, செல்வி ஊரிலிருந்து திரும்பியதும் அவருக்கு மடல் போவதை மறுபடி தொடங்கிவிடலாம்.